தலைப்பெட்டியில் நின்ற தண்ணீர்

செமாராங், 5 அக்டோபர் 1993

அன்புள்ள பாக்லிக் சுதார்வோ அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அக்கா மகள் குஸ்ரினி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மலைக்குளிரில் நீங்களும் புலிக் முர்னியும் எப்படி இருக்கிறீர்கள்? புலிக்கின் மசக்கை குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உருண்டை முதுகோடு உங்கள் பழைய தவளைக் கார் லாரியில் வந்து இறங்கியது. "தவளை வந்தாச்சு, மழை வரும்!" என்று தெருப்பிள்ளைகள் கத்தினார்கள். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுத்தியலால் அங்கங்கே தட்டிக் கேட்டார். "மேல பார்த்தா கல்யாண மாப்பிள்ளை. கீழ கைலியே இல்ல" என்றார். கதவுக்கு அடியில் சுரண்டினால் பதினைந்து வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள் வந்தது. யாரோ துரு தின்ற ஓட்டைக்குள் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "இவனெல்லாம் ஒரு டிங்கர்! பேப்பர் மேல மனுசனை உட்கார வச்சிருக்கான்" என்று அப்பா அன்று முழுவதும் திட்டிக்கொண்டிருந்தார்.

மேல்கூட்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டோம். சேஸிஸ் மட்டும் பட்டறைத் தரையில் கிடக்கிறது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு குழல், இரண்டு பக்கமும் தரைத்தகடு, முன்னால் சக்கர அச்சைத் தாங்கும் தலைப்பெட்டி. தரைத்தகடுகள் போய்விட்டன, புதிதாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். தலைப்பெட்டி மெலிந்திருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் அப்பா. உள்ளே ஈரம் தங்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்காகவே அதன் அடியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துளை போட்டிருக்கிறார்.

வெல்டிங் வெளிச்சத்தில் அப்பாவின் கண் முன்போல் இல்லை. அளவு பார்ப்பதும் கோடு போடுவதும் நான்தான். பள்ளியைப் பாதியில் விட்டதற்கு இப்போது யாரும் திட்டுவதில்லை. நேரில் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிவேன் என்று கேலி செய்வீர்கள். காகிதத்தில் கொஞ்சம் பேச வருகிறது.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
ரினி

*

காருங், 17 அக்டோபர் 1993

அன்பு ரினி,

உன் மீதும் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் நலம். உன் புலிக் இப்போது எல்லாவற்றையும் சாப்பிடுகிறாள், என் பங்கையும் சேர்த்து.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கதவுக்குப் பின்னால நிக்கிற பொண்ணா இது? நம்ம பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துற உங்களுக்கே இப்படி எழுத வராது" என்கிறாள். ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சைப் பார்.

மார்ச் நடுவில் பிரசவம் என்று மருத்துவச்சி கணக்குச் சொல்கிறார். எட்டு வருடம் காத்திருந்து வருகிற பிள்ளை. கீழே வொனோசோபோ ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. வாடகை வேன்காரன் அந்த வளைவில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டே போகிறான். அதனால்தான் தவளையை உன் அப்பா மாஸ் கர்சோனோவிடம் அனுப்பினேன். முர்னியை என் கையால் ஓட்டிக் கூட்டிப் போகவேண்டும். அவர் தொட்ட வண்டி என்றால் எனக்குத் தூக்கம் வரும். அதை அவரிடம் சொல்.

அக்காவுக்கு என் வணக்கம்.

பாக்லிக் சுதார்வோ

*

(இந்தக் கடிதத்தை எழுதினேன். அனுப்பவில்லை.)

செமாராங், 21 நவம்பர் 1993

அன்புள்ள பாக்லிக்,

நலமா என்று கேட்க இன்று தைரியம் இல்லை.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் டெமாக்கில் ஒரு சுன்னத்து விருந்துக்குப் போயிருந்தார்கள். அமாவாசையை ஒட்டிக் கடல் எங்கள் தெருவுக்குள் ஏறும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். போகும்போது அப்பா சொன்னார்: "மதியத்துக்கு மேல தண்ணி ஏறும். சேஸிஸை டிரம் மேல தூக்கி வச்சுடு. உன்னால ஆகாது. எதிர்வீட்டு டொமினோ ஆளுங்களைக் கூப்பிடு, நாலு பேர் வந்தா ரெண்டு நிமிஷ வேலை."

நான் போனேன். வாசலில் ஆறு பேர் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலிப் பக்கம் நின்றேன். ஒருவர் பார்த்து, "என்னம்மா, அம்மா உப்பு கேட்டாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேலி ஒன்றும் இல்லை, சாதாரணச் சிரிப்புதான். நான் தலையாட்டினேன். அவர் மனைவி ஒரு கிண்ணம் உப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. முழங்கால் வரைக்கும். சேஸிஸின் மேல் ஏறி நின்றேன். நான் நின்றால் அது மிதக்குமா, உயருமா? ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

வடிந்த பிறகு, தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீர் நான்கு கேனையும் ஊற்றிக் கழுவினேன். வெளிப்புறத்துக்கே சரியாகப் போயிற்று. குழலுக்கும் தலைப்பெட்டிக்கும் உள்ளே போன உப்புச்சேறு அங்கேயே இருக்கிறது. அப்பா வந்து, "தூக்கி வச்சியா?" என்றார். "ம்" என்றேன்.

தகடுகளைப் பற்றவைத்தார். தலைப்பெட்டித் துளையிலிருந்து செங்காவித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தினமும் அவர் எழுவதற்கு முன் தரையைத் துடைத்தேன். வியாழக்கிழமை துடைத்துச் சலித்து, துளைக்குள் பட்டியை அழுத்தி, விரலால் தேய்த்துச் சமமாக்கினேன். நேற்று அப்பா அதன் மேலேயே தார் பூசினார்.

வெளியே வரவேண்டிய தண்ணீரை உள்ளே வைத்து மூடியவள் நான். அதில்தான் புலிக்கை

*

செமாராங், 23 நவம்பர் 1993

அன்புள்ள பாக்லிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். பதிலுக்குத் தாமதமானதை மன்னிக்கவும். வேலை அதிகம்.

தரைத்தகடு இரண்டும் முடிந்தது. கதவடித் துருவையும் வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தாயிற்று. இந்த முறை செய்தித்தாள் இல்லை. அடியில் தார் பூசியாயிற்று. கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டில் இரண்டாவது முறை சோறு கேட்டார்.

இந்த மாதம் தெருவில் கடல் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. வழக்கம்தான்.

புலிக்கிற்கு என் சலாம்.

ரினி

*

காருங், 20 ஜனவரி 1994

அன்பு ரினி,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே உன் புலிக்கால் குனிய முடியவில்லை, செருப்பு மாட்டிவிடுவது என் உத்தியோகம்.

தவளை வந்துவிட்டது! பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். வகுப்பு நடக்கவில்லை, பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில். எங்கள் தலைமையாசிரியர் கோட்டோடு தரையில் படுத்து அடியைப் பார்த்தார். "இது தகரமா, கறுப்புப் பட்டா?" என்கிறார். கணக்கு வாத்தியார் வார்யோவிடம் இதேபோல ஒன்று கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அழுகிக் கிடக்கிறது. இன்னும் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். மூவரும் நோன்புப் பெருநாள் கழிந்ததும் மாஸ் கர்சோனோவிடம் அனுப்புகிறார்களாம். இடம் ஒதுக்கி வைக்கச் சொல். ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது.

முர்னி முன் இருக்கையில் உட்கார்ந்து வயிற்றைத் தட்டி, "பாத்துக்கோ, உனக்குத்தான் கார்" என்றாள்.

உன் கைக்கும் அப்பாவின் கைக்கும் என் நன்றி.

பாக்லிக்

*

செமாராங், 2 பெப்ரவரி 1994

அன்புள்ள பாக்லிக்,

அனைவரும் நலம். புலிக் எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் இருந்தால் உயர்த்தி வைக்கச் சொல்கிறாள் அம்மா.

சில கேள்விகள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? வளைவில் முன்பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா? இழுத்தால் அதிக தூரம் ஓட்ட வேண்டாம். பழைய வண்டி. பிரசவ நேரத்தில் வாடகை வேன் பெரிதாக இருக்கும், புலிக் கால் நீட்டிக்கொள்ளலாம். அதையும் யோசித்துப் பாருங்கள். அந்த டிரைவரிடம் சிகரெட் பிடிக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டாரா?

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ரினி

*

செமாராங், 8 மார்ச் 1994

பாக்லிக், புலிக் இருவருக்கும்,

பெப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அஞ்சலில் தவறியிருக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறதா?

பெருநாள் வருகிறது. வயதில் இளையவள், முதலில் கேட்கவேண்டியவள் நான். வெளியே தெரிந்தும் உள்ளே தெரியாமலும் உங்களுக்கு நான் செய்த பிழைகள் எல்லாவற்றையும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்து அட்டையில் அச்சிட்டதே போதும் என்கிறாள் அம்மா. நான் கையாலும் எழுதியிருக்கிறேன்.

ரினி

*

காருங், 19 மார்ச் 1994

அன்பு ரினி,

பெருநாள் வாழ்த்து. மன்னித்தோம், எல்லாவற்றையும். மூத்தவர்கள் என்றாலும் எங்களிடமும் பிழை இருக்கும், நீயும் அப்பாவும் அம்மாவும் எங்களை மன்னியுங்கள்.

பத்தாம் தேதி மகள் பிறந்தாள். மூன்று கிலோ. ஆஸ்பத்திரிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் நலம். பெயர் நிங்ரும்.

வண்டி நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதே. பள்ளியில் பரீட்சை வேலை, அதனால்தான் எழுத முடியவில்லை. வார்யோவும் மற்றவர்களும் இப்போதைக்கு வண்டி வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கையில் பணமில்லை போலிருக்கிறது. மாஸ் கர்சோனோ வேறு வேலை வந்தால் எடுத்துக்கொள்ளட்டும். அவர் ஓய்வெடுத்தாலும் நல்லதுதான். வயதாகிறதல்லவா?

பாக்லிக்

*

காருங், 2 மே 1994

ரினி,

நலமா என்று கேட்பதெல்லாம் அப்புறம். இது உன் புலிக் முர்னி. நான் தெகால் ஊர்க்காரி, உங்கள் ஜாவா மரியாதையெல்லாம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. உன் பாக்லிக்குக்குத் தெரியாமல், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

வண்டி ஓடவில்லை. பெப்ரவரியிலிருந்து செங்கல் மேல் நிற்கிறது. உன் கேள்விக் கடிதம் வந்த வாரம்தான் அது இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் கொண்டு போனார். அவன் அடியில் படுத்து, தாரைச் சுரண்டி, ஒரு பட்டி அடைப்பை ஸ்குரூடிரைவரால் குத்தினான். அவன் முகத்திலேயே காவித்தண்ணீர் கொட்டியது. "யம்மா, வாத்தியாரே, இது காரா, கிணறா?" என்று கத்தினான். தலைப்பெட்டியை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அச்சு கழன்றிருக்கும் என்றான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது முட்டைக்கோஸ் லாரியில். நிங்ரும் கோஸ் மூட்டை மேல் பிறக்காதது அவள் அதிர்ஷ்டம்.

"மாஸ் கர்சோனோவுக்கு எழுதுங்க" என்றேன். உன் பாக்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவருக்குக் கண்ணு போயிடுச்சு முர்னி. துரு எது, தார் எதுன்னு தெரியல. இதை எழுதி அந்த மனுசனைச் சாகடிக்கணுமா? தெரியாத மாதிரியே இருந்துடுவோம்." மற்ற வாத்தியார்களிடம், "வேற பட்டறை பாருங்க" என்று மட்டும் சொன்னார். அவர்கள் என்ன முட்டாள்களா? குருட்டு டிங்கர் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேசிவிட்டார்கள்.

நானும் இத்தனை நாள் சும்மா இருந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. தண்ணீர் வடிவதற்கென்று உன் அப்பா துளை போட்டார் என்று நீதான் எழுதினாய். கண் போனவர்கூடத் தான் போட்ட துளையைத் தானே தேடிப்பிடித்து அடைப்பாரா? பெப்ரவரியில் உனக்கு எப்படி அந்தக் கேள்வி தோன்றியது?

நான் போலீஸ் இல்லை. பதில் எழுது.

முர்னி

*

செமாராங், 9 மே 1994

புலிக் முர்னிக்கும் பாக்லிக் சுதார்வோவுக்கும்,

நீங்கள் மூவரும் உயிரோடு நலமாக இருப்பதற்கு இறைவனுக்கு நன்றி. இதை நான் வெறும் முறைக்காக எழுதவில்லை.

அடைத்தது நான். நவம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள். பெருநாளுக்கு எல்லாவற்றையும் மன்னியுங்கள் என்று கேட்டேனே, அந்த 'எல்லாவற்றையும்' இதுதான். பெயர் சொல்லாமல் மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். எதற்கென்று தெரியாமல் நீங்கள் கொடுத்தது செல்லாது. திருப்பித் தருகிறேன்.

பெருநாள் கழிந்ததும் அப்பா பட்டறையைக் கூட்டி, மூன்று வண்டிக்கு இடம் ஒதுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தார். ஒருவரும் வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள், "ரினி, அந்தத் தவளையில என் கை எங்கயாவது தப்பிடுச்சா? நீதான் கூட இருந்த, சொல்லு" என்றார். "இல்லப்பா" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. மறுநாள் வெல்டிங் முகமூடியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். இப்போது சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் முன்னால் போய் நின்றேன். கடிதத்தையே சத்தமாக வாசித்தேன். குருட்டு டிங்கர் என்ற இடத்தையும் விடவில்லை. பிறகு மீதியைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்தார்.

"உப்பு வாங்கிட்டா வந்த?" என்றார்.

"ஆமாப்பா."

"தண்ணி கடலோடது. அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். பட்டி உன்னோடது."

அம்மா குறுக்கே வந்து, "சின்னப் பொண்ணுங்க" என்றாள். "சின்னப் பொண்ணுதான். என் வேலைக்குள்ள கை வச்சவ இல்லையா? அந்த வாத்தியாருங்க முன்னாடி போய் இவளே வாயால சொல்லணும். காகிதத்துல இல்ல" என்றார்.

வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தகடும் கட்டரும் கொண்டுவருகிறேன். என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் வண்டியைத் தொட விடுங்கள்.

குஸ்ரினி

*

காருங், 16 மே 1994

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குளிர் எலும்பில் ஏறுகிறது, மற்றபடி நலம். அம்மா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. எந்த வரியையும் விடாதே.

புலிக் வாசலிலேயே, "வாம்மா கடல்காரி" என்றார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு டெம்பே பொரிக்கப் போனார். பாக்லிக் "பயணம் எப்படி?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதிலைக் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இன்று காலை இடைவேளையில் ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனார். ஒன்பது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்லிக், "இது என் அக்கா மகள். ஏதோ சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். என் முதல் இரண்டு வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா, நாங்க எல்லாம் பழைய வண்டிங்க" என்றார் கணக்கு வாத்தியார் வார்யோ. சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடல், தலைப்பெட்டி, துளை, பட்டி எல்லாம் சொன்னேன். "அப்பா துளை போட்டார். நான் அடைச்சேன். அவருக்குத் தெரியாது" என்று முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாக் வார்யோ தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அது சரி. கண்ணு நல்லா இருக்கிற ஆள்னா அந்த அடைப்பைப் பார்த்திருப்பாரே?" என்று கேட்டார்.

அப்பா, நீங்கள் என்னைப் பட்டியைப் பற்றி மட்டும் சொல்லத்தான் அனுப்பினீர்கள். "பார்த்திருப்பார்" என்று சொன்னால் உங்கள் கண் போனது உறுதியாகிவிடும். "யாராலும் பார்த்திருக்க முடியாது" என்று சொல்லியிருந்தால் பாக்லிக்கின் முகம் மலர்ந்திருக்கும், மூன்று வண்டியும் வந்திருக்கும். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கண்ணு நல்லா இருந்தா பார்த்திருப்பார். அப்பாவுக்குக் கண் மங்கல்தான். கை மங்கல் இல்ல. பார்க்கிற வேலை என்னுது, நான்தான் பார்த்துட்டுப் பொய் சொன்னேன்" என்றேன்.

இரண்டு வாத்தியார்கள் தங்கள் வண்டியை ஏற்கெனவே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். பாக் வார்யோ எதுவும் உறுதி சொல்லவில்லை. பாக்லிக்கின் வண்டியை நான் முடித்ததும் அவரே அடியில் படுத்துப் பார்ப்பாராம், தார் பூசுவதற்கு முன்னால். அதன்பிறகு யோசிப்பாராம். அவ்வளவுதான் அப்பா கிடைத்தது.

மதியம் தலைப்பெட்டியை வெட்டி எடுத்தேன். நாளை காலை பஸ்ஸில் அதைச் சாக்கில் கட்டி உங்களுக்கு அனுப்புகிறேன். ஓட்டுநரிடம் நானே பேசிவிட்டேன். சாக்கைப் பிரித்து விரலால் தடவிப் பாருங்கள். நீங்கள் பற்றவைத்த ஓரம் ஒரு நூலளவுகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதைச் சுற்றியிருப்பதுதான் உதிர்கிறது. புதுப்பெட்டிக்கு எந்த இடத்தில் எவ்வளவு கனத்தில் தகடு வேண்டும் என்று தடவிப் பார்த்துச் சொல்லுங்கள், அம்மா எழுதட்டும். பதில் வரும்வரை பற்றவைக்காமல் காத்திருக்கிறேன்.

இரவில் கண்ணுக்கு மருந்து விட மறக்காதீர்கள்.

உங்கள் மகள்,
குஸ்ரினி